மாருதி 800: டேங்க் நிறைந்திருந்தால் மட்டும் பெட்ரோல் ஒழுகுகிறது

மணவாளக்குறிச்சி_800:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1996 மாடல், கார்புரேட்டர். கடற்கரையை ஒட்டி வீடு, ஷெட் கிடையாது. டேங்க் நிறைய அடித்து இரவு நிறுத்தினால் காலையில் தெருவரை பெட்ரோல் வாடை. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் வாடையே இல்லை, ஆனால் காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஓடும்போது ஒரு சொட்டு விழுவதில்லை. வண்டிக்கு அடியில் ஓடும் பெட்ரோல் பைப்பில் ஒழுகும் இடத்தில், இரண்டு உருண்டையைப் பிசைந்து அப்பும் பசையைப் போட்டுப் பார்த்தாயிற்று, நிற்கவில்லை. இப்போது அந்த இடத்தை வெட்டி ரப்பர் ஓஸ் மாட்டலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

கோட்டாறு_ராஜா:
நிறைய அடித்தால் மட்டும் வாடை என்றால் முதலில் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகிற தடித்த ஓஸைப் பாருங்கள். அதில் வெடிப்பு விட்டிருக்கும். இல்லையென்றால் டேங்க் மேலே பெட்ரோல் மீட்டரின் ஃப்ளோட் (மிதவை) உட்காரும் இடத்து பேக்கிங்.

மணவாளக்குறிச்சி_800:
இரண்டையும் பார்த்தேன் அண்ணாச்சி, காய்ந்துதான் இருக்கிறது. ஈரம் முன்சீட்டுக்கு நேர் கீழே, பைப்பைத் தரையோடு பிடித்திருக்கும் கிளிப் பக்கத்தில்.

தக்கலை_பட்டறை:
தம்பி, நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் ஹெட்டில் இருக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரை அது உறிஞ்சுகிற பாதை. ஓடும்போது ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகுமே தவிர பெட்ரோல் வெளியே வராது. நிறுத்தியபின் டேங்கில் மட்டம் ஓட்டையைவிட உயரமாக இருந்தால் பெட்ரோல் தானாக இறங்கும். மட்டம் தாழ்ந்திருந்தால் காற்று ஏறி லைன் காலியாகும், அதுதான் காலையில் நீங்கள் படும் பாடு.

அந்தக் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உப்பும் மணலும் ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கும். நம் ஊர் இரண்டு மழையும் வாங்குகிற ஊர், போதாததற்குக் கடல் காற்று. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கிளிப்புக்கு அடியில் மட்டும் பைப் அப்பளம் மாதிரி உதிரும். அந்தத் துருவின் மேல் எந்தப் பசையை அப்பினாலும் பிடிக்காது. சரியான ஓட்டையைப் பிடிக்க, பைப்பைத் துடைத்துக் காயவிட்டு முகப்பவுடர் தூவுங்கள். நனையும் இடம் காட்டிக்கொடுக்கும்.

இனி ஓஸ் ஒட்டு. அவசரத்துக்குப் போடலாம், ஆனால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டவேண்டும். வெட்டிய முனையைச் சும்மா விட்டால் ஓஸ் வழுக்கும், முனையில் சிறு வளைய மேடு எழுப்பவேண்டும். ஓஸிலும் கவனம். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை அது ஊறவைத்து இளக்கிவிடும். ஓஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக்குறி அச்சிட்டிருந்தால் உள்பூச்சு எத்தனாலுக்குத் தாங்கும். ஒன்றும் அச்சிடாமல் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கறுப்பு ஓஸ் வேண்டாம்.

என்னைக் கேட்டால் டேங்கிலிருந்து முன்னால்வரை முழு பைப்பையும் மாற்றுங்கள். ஒரு கிளிப்புக்குக் கீழே போயிருந்தால் அடுத்த கிளிப்பும் அதே உப்பைத்தான் தின்றிருக்கிறது. மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுபோக பக்கத்திலேயே ஓடும் ரிட்டர்ன் பைப்பையும் விடாதீர்கள். சிலர் பிரேக் பைப் துண்டை மாட்டி ஒப்பேற்றுவார்கள், அதன் துளை சிறியது, ஏற்றத்தில் வண்டி திணறும். வெறும் செம்பும் வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும். செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் கடலோர வண்டிக்கு அதுதான் உத்தமம், துருப்பிடிக்காது. கிளிப்புக்கும் பைப்புக்கும் இடையில் பழைய ஓஸைக் கீறிச் சொருகுங்கள்.

வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவ் வயர் கழற்றியாகவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பட்டறைக் குழிக்குள் இறங்கித் தேங்கும். அதனால் குழியில் செய்யாமல் திறந்தவெளியில் ஸ்டாண்ட் போட்டுச் செய்யச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங் என்று யாராவது வாயெடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மார்த்தாண்டம்_ஜென்:
இடையில் நுழைகிறேன். என்னுடையது மாருதி ஜென் எம்பிஎஃப்ஐ, கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. அதற்கும் இப்படி ஓஸ் ஒட்டுப் போடலாமா?

தக்கலை_பட்டறை:
கூடாது மக்கா. பம்ப் உங்களுக்கு டேங்குக்குள் இருக்கிறது, லைனில் சுமார் 3 பார் அழுத்தம். 800-இன் பழைய பம்ப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான். உங்கள் வண்டி ஒழுகினால் சொட்டாது, பீய்ச்சும். அதற்குரிய பைப்பும் கனெக்டரும்தான் போடவேண்டும்.

மணவாளக்குறிச்சி_800:
கிளிப்பைக் கழற்றினேன் அண்ணாச்சி, பைப்பின் ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது. இரண்டு பைப்பும் மாற்றப்போகிறேன். அதுவரை வண்டியை ஓட்டலாமா? சோப்பு வைத்து அடைக்கலாம் என்று சொல்கிறார்கள்.

தக்கலை_பட்டறை:
சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால் வழியில் மாட்டிக்கொண்டால் பட்டறை வரை வந்து சேரலாம். தினம் ஓட்ட அதை நம்பாதீர்கள், சைலன்சர் பைப்பும் அதே தரைக்குக் கீழேதான் ஓடுகிறது. வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி, கீழே அட்டை விரித்து ஓரிரவு நிறுத்துங்கள். சொட்டிய பெட்ரோல் ஆவியாகிவிட்டாலும் அட்டையில் கறை நிற்கும். காலையில் முதல் செல்ஃபில் பிடித்ததா என்றும் எழுதுங்கள்.