அலாஸ்கா மூஸ் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி உறை: மார்பிலா, இடுப்பிலா?

வடகாடு:
செப்டம்பரில் அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் மூஸ் (மிகப் பெரிய மான் இனம்) வேட்டை. ரைஃபிள் தோளில் இருக்கும். பழுப்புக் கரடி உள்ள காடு என்பதால் கூடவே ஒரு கைத்துப்பாக்கி: ஸ்மித் அண்ட் வெசன் 629 சுழல்துப்பாக்கி, .44 மேக்னம் தோட்டா, 4 அங்குலக் குழல். மறைக்காமல் வெளியே தெரியும்படிதான் மாட்டப்போகிறேன். இடுப்புப் பட்டை வைத்த பெரிய முதுகுப்பை, நெஞ்சில் பைனாகுலர் பை, மழைச்சட்டை மூன்றும் கட்டாயம். உறை மார்பிலா, இடுப்பிலா? தோலா, கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கா? காரணத்தோடு சொல்லுங்கள்.

பனிமலை:
மார்புதான். உங்கள் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை சரியாக இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், இடுப்பு உறைக்கும் அதே இடம்தான் வேண்டும். பட்டையை உறைக்கு மேலே கட்டினால் பிடி விலாவில் குத்தும், கை முழுதாகப் பிடியைச் சுற்றாது. கீழே கட்டினால் சுமை தோளுக்கு ஏறிவிடும். மூஸின் ஒரு பின்தொடை மட்டும் 45 கிலோவைத் தாண்டும். அதைத் தோளில் மட்டும் தூக்கி ஆல்டர் புதருக்குள் நடக்க முடியாது.

629 காலியாக 1.18 கிலோ. முனை 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) உள்ள தோட்டா ஆறு போட்டால் 1.35 கிலோ அளவில் வரும். இந்த எடை ஒரு பக்க இடுப்பில் நாள் முழுக்கத் தொங்கினால் கால்சட்டை இறங்கும், உறை வெளிப்பக்கம் சாயும். மார்பில் என்றால் தோளும் முதுகும் பங்கு போட்டுக்கொள்ளும். உட்கார்ந்தாலும், ஏ.டி.வி. என்னும் காட்டு வண்டி ஓட்டினாலும், மிதவை விமானத்தின் குறுகிய இருக்கையில் பெல்ட் போட்டாலும் துப்பாக்கி ஒரே இடத்தில் இருக்கும். முக்கியமாக, எந்தக் கைக்கும் எட்டும். கரடி வலது கையைக் கவ்விவிட்டால் வலது இடுப்பில் உள்ளதை இடது கையால் எடுத்துப் பாருங்கள், புரியும்.

தோல்வேலை:
பனிமலை சார், பாதிதான் சொன்னீர்கள். பைனாகுலர் பையும் மார்பில்தானே இருக்கிறது? அதற்கு அடியில் உறையை வைத்தால் தொப்புளுக்கு மேல் வந்துவிடும். குனியும்போது குழல் முனை இடது தொடைமடிப்பில் முட்டும். பக்கத்தில் தள்ளினால் பிடி அக்குளுக்குள் போகும். அதோடு முதுகுப்பையின் நெஞ்சுப் பட்டை வேறு குறுக்கே வருகிறது. மூன்று பட்டைகளில் எது எதன் மேல் என்று தெரியாமல் நின்றால் அந்த இரண்டு நொடி போய்விடும். கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், அதாவது நொடிக்கு 14 மீட்டர். 30 மீட்டரில் பார்த்தால் உங்களுக்கு இருப்பது அவ்வளவுதான்.

இன்னொன்று. மேலே விழுந்து கடிக்கும் பழுப்புக் கரடியிடம் சொல்லப்படும் பாதுகாப்பு முறை என்ன? குப்புறப் படுத்து, கைகளைப் பின்கழுத்தில் கோத்துக்கொள்வது. அப்போது மார்பு உறை உடம்புக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். குப்புறப் படுத்து ரைஃபிளால் சுடும்போதும் இதே தொல்லை.

என் தேர்வு: வலது இடுப்பில், எலும்புக்குச் சற்றுப் பின்னால், உடம்போடு ஒட்டிய தோல் உறை. 1.5 அங்குலத்துக்குக் குறையாத இரட்டைத்தோல் பெல்ட். முதுகுப்பைப் பட்டை இடிக்கிறது என்றால் உறையை 5 முதல் 8 செ.மீ. கீழே இறக்கும் தொங்கல் பட்டை போட்டால் பிடி பட்டைக்குக் கீழே வந்துவிடும்.

பனிமலை:
தொங்கல் பட்டை போட்டால் உறை ஆடும். ஆடும் உறையிலிருந்து ஒரு கையால் உருவினால் உறையும் கூடவே மேலே வரும். அதைத் தடுக்கத் தொடையில் கட்ட வேண்டும். தொடையில் கட்டினால் ஒவ்வொரு அடிக்கும் 1.35 கிலோ காலோடு வீசும். ஈரநிலத்தில் முழங்கால் தூக்கி நடக்கும் வேட்டையில் மாலைக்குள் தொடை ஓய்ந்துவிடும்.

குப்புறப் படுக்கும் வாதம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிலையில் இரண்டு கையும் கழுத்தில் இருக்க வேண்டும், இடுப்பில் இருப்பதும் பயன்படாது. மல்லாக்க விழுந்தால் மார்பில் உள்ளது கைக்கு வரும். இடுப்பில் உள்ளது மண்ணுக்கும் முதுகுப்பைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மூஸ்தடம்:
இரண்டு பேரும் நடக்கும் நேரத்தையே பேசுகிறீர்கள். கைத்துப்பாக்கிக்கு உண்மையான வேலை மூஸ் விழுந்த பிறகுதான். இறைச்சி வெட்டும்போது ரைஃபிள் மரத்தில் சாய்ந்திருக்கும், கை முழுக்க ரத்தமும் கொழுப்பும், தலை குனிந்திருக்கும், குடல்வாடை காற்றில் போகும். கரடி வருவது அப்போது. ஆகவே உறையை அந்த வேலையை வைத்துச் சோதியுங்கள். மண்டியிட்டு, முழுதாகக் குனிந்து, இரு கையாலும் ஒரு காலை இழுப்பதுபோல் செய்யுங்கள். மார்பு உறை முன்னால் ஊஞ்சலாடினால் பக்கவாட்டுப் பட்டை தளர்வு என்று பொருள். இடுப்பு உறையில் பிடி விலாவில் குத்தினால் அது மிக உயரம்.

முதுகுப்பையோடு சேர்த்துத் தைத்த அல்லது அதன் தோள்பட்டையில் மாட்டும் உறை வேண்டவே வேண்டாம். இறைச்சி வெட்டப் பையை இறக்கிய நிமிடம் துப்பாக்கியும் போய்விடும். மாட்டும் வரிசை: சட்டை, மழைச்சட்டை, உறைப்பட்டை, பைனாகுலர், கடைசியில் முதுகுப்பை. பையைக் கழற்றினால் மற்றது அப்படியே உடம்பில் நிற்க வேண்டும்.

வடகாடு:
மழைச்சட்டைக்கு மேலே உறையா? துப்பாக்கி நனையுமே. சட்டைக்குள்ளே போனால் சட்டச் சிக்கல் வருமா?

மூஸ்தடம்:
அலாஸ்காவில் 21 வயது ஆகியிருந்தால் 2003 முதல் மறைத்து வைக்கவும் அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் சட்டை மூடிவிட்டால் அது மறைத்து வைத்ததாகும். காவலர் நிறுத்தினால் கேட்கும் முன்பே நீங்களே சொல்ல வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், அடுத்த வருடம் வேறு மாநிலத்துக்குப் போனால் புதிதாகப் படியுங்கள். காரில் கனடா வழியாக அலாஸ்கா போகும் யோசனை இருந்தால் கைத்துப்பாக்கியை விட்டுவிடுங்கள், கனடா உள்ளே விடாது. விமானத்தில் தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், அறிவித்து, பதிவு செய்யும் சாமானோடு அனுப்பலாம்.

சட்டத்தை விடப் பெரிய சிக்கல் ஜிப். மூடிய ஜிப்புக்குள் இருப்பது இல்லாததற்குச் சமம். நனையட்டும், 629 துருப்பிடிக்காத எஃகு. இரவில் கூடாரத்தில் துடைத்து, திருகுகளிலும் சுழல் உருளையின் அச்சிலும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் போதும்.

தோல்வேலை:
எஃகு தாங்கும் என்பது சரி. பொருளுக்கு வருவோம், இங்கே தோலுக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய 3 முதல் 4 மி.மீ. தோல் புதரில் உரசினால் சத்தம் வராது. கைடெக்ஸில் ஒரு குச்சி பட்டால் 'டக்' என்று கேட்கும். மூஸைக் கூப்பிட்டுவிட்டு அசையாமல் நிற்கும் வேட்டையில் அது சின்ன விஷயம் இல்லை. சுழல்துப்பாக்கியின் உருளை அகலமானது. தோல் அந்த வடிவத்துக்கு இறுகிப் பிடிக்கும், துப்பாக்கியின் பின்னால் உள்ள சுத்தியலுக்கு (தோட்டாவை வெடிக்க அடிக்கும் பாகம்) மேலே பெருவிரலால் தட்டித் திறக்கும் வாரும் வரும்.

குரோம் உப்பில் பதப்படுத்திய மெல்லிய தோலை வாங்காதீர்கள். ஈரத்தில் அந்த உப்பு எஃகைத் தின்னும். நல்ல தோலிலும் துப்பாக்கியை இரவு முழுக்க விட்டுவைக்கக் கூடாது. நனைந்த தோலை அடுப்பருகே காயவைத்தால் சுருங்கி விரைத்துவிடும், நிழலில் தானாகக் காய வேண்டும்.

பனிமலை:
தொடர்ந்து ஏழு நாள் மழை பெய்யும் கடற்கரைக் காட்டில் எந்த நிழலில் காயவைப்பது? நனைந்து ஊறிய தோல் வாய் தளர்ந்து உள்ளே மடங்கும். துப்பாக்கியைத் திரும்ப உறையில் போடும்போது அந்த மடிப்பு டிரிக்கர் காப்புக்குள் நுழைந்தால் தோட்டா உங்கள் காலில். 2 மி.மீ. கைடெக்ஸின் வாய் எப்போதும் திறந்தே இருக்கும், ஒரு கையால் திரும்பப் போடலாம், தண்ணீரில் கழுவலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அடிப்பக்கம் மூடியிருந்தால் தண்ணீர் தேங்கும், விடியற்காலை உறைபனியில் குழலைப் பிடித்துக்கொள்ளும். 6 மி.மீ. வடிகால் துளை இருக்கிறதா பாருங்கள். வெயிலில் மூடிய காரின் முன்கண்ணாடி அடியில் போட்டால் வளைந்துவிடும். நடையில் திருகு தளரும்: இறுக்கத்தைச் சரி செய்தபின் நீலத் திருகுப்பசை ஒரு சொட்டு, பிறகு திருகின் தலைக்கும் உறைக்கும் சேர்த்து வண்ணத்தில் ஒரு கோடு. கோடு விலகினால் கழன்றிருக்கிறது என்று தினமும் காலையில் தெரிந்துவிடும்.

தோல்வேலை:
வாய் மடங்குவது மலிவான உறையில். வாயைச் சுற்றி இன்னொரு அடுக்குத் தோலோ எஃகுத் தகடோ வைத்துத் தைத்திருந்தால் மடங்காது. வாங்கும்போது இதைத்தான் முதலில் விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். மெல்லிய நைலான் உறையைப் பற்றி நாம் இருவரும் ஒரே கட்சி என்று நம்புகிறேன்.

பனிமலை:
நிச்சயமாக. அது உறையே இல்லை, பை.

திரும்பப் போடுவது பற்றி ஒன்று, எந்த உறை ஆனாலும் பொருந்தும். விரல் டிரிக்கருக்கு வெளியே நேராக. மழைச்சட்டையின் இழுப்புக் கயிறு வாயருகே தொங்காதபடி முன்பே வெட்டிவிடுங்கள். 629-க்கு வெளிச் சுத்தியல் உண்டு. பெருவிரலை அதன் மேல் வைத்தபடி உள்ளே தள்ளுங்கள். ஏதாவது டிரிக்கரில் மாட்டினால் சுத்தியல் பின்னால் எழும்புவது பெருவிரலில் தெரியும், உடனே நிறுத்தலாம். வெளிச் சுத்தியல் இல்லாத க்ளாக் 20 கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை, அவர்கள் கண்ணால் பார்த்தே போட வேண்டும்.

வடகாடு:
மார்புப் பக்கம் சாய்கிறேன். பைனாகுலர் இடைஞ்சலுக்கு வழி?

பனிமலை:
பைனாகுலர் பையை ஒரு கை அகலம் மேலே ஏற்றுங்கள். உறையைக் கீழ் விலாவில் 45 பாகைச் சாய்வில், பிடி வலது பக்கம் வரும்படி. முதுகுப்பையின் நெஞ்சுப் பட்டை பைனாகுலருக்கு மேலே. கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்புக் குப்பியை இடது இடுப்பில் வையுங்கள். அது 9 மீட்டர் அளவுக்குள்தான் எட்டும். இரண்டுக்கும் ஒரே கை போட்டியிடக் கூடாது.

தோல்வேலை:
மார்பு என்று முடிவு செய்துவிட்டால் இதை மறக்காதீர்கள்: அந்தச் சாய்விலிருந்து உருவும்போது குழல் இடது முழங்கையைக் கடந்துதான் வெளியே வரும். இடது கையை முதலில் நெஞ்சுக்கு மேலே தூக்கி, பிறகு உருவிப் பழகுங்கள். காலித் துப்பாக்கியில், உருளையின் ஆறு அறையையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டாவை வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிட்டுப் பழகுங்கள். முழு உடையோடு, கையுறையோடு, முதுகுப்பையோடு, தினம் இருபது முறை. பிறகு மண்டியிட்டு இருபது. இடது கையால் மட்டும் பத்து. வார் திறக்காமல் கை வழுக்கினால் கையுறையை மாற்றுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் உறையை மாற்றுங்கள். செப்டம்பருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.