ஜப்பானியர் கால வானொலி: 7 மணி எது, எத்தனை தட்டு?

கேள்வி: பினாங்குக் கண்காட்சிக்கு 1943 பாணியில் அரை மணி இசை நிகழ்ச்சி அமைக்கிறோம். நிரலில் ‘மாலை 7’ என்றால் நம்ம நேரமா? எத்தனை இசைத்தட்டு தேவை?

பதில் 1: தோக்கியோ நேரம் ஐயா. போருக்குச் சற்று முன் மலாயா கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்தியிருந்தது. ஆக்கிரமிப்பில் 9 ஆனது. ஆக, பழைய 5.30, இன்றைய கடிகாரத்தில் 6. வெளிச்சம் இருக்கும், அரங்கை இருட்டாக்காதீர்கள்!

பதில் 2: 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். அறிவிப்பு போக 8, 9 பக்கம், அதாவது 4, 5 தட்டு போதும். இரண்டு சுழல்மேசை வையுங்கள். ஒன்றே என்றால் தட்டைத் திருப்பும்போது மௌனம் விழும். கிராமபோனில் எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றணும், தேய்ந்த முனை பள்ளத்தை அறுக்கும்.

கேள்வியாளர்: தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?

பதில் 2: வேண்டவே வேண்டாம், தட்டில் உள்ள அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீர், மென்துணி. லேபிள் நனையக்கூடாது.