உதவி: பாட்டு வகுப்பில் பிள்ளைகள் அடங்கவே மாட்டேன் என்கிறார்கள் (அவசரம்)

பாட்டுமிஸ் | வெள்ளி, மாலை 5.12
அடுத்த வெள்ளிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். சத்தம் இப்படியே இருந்தால் பீரியடையே கணக்குக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஹெச்எம் சொல்லிவிட்டார். ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசைதான் சொல்லித் தருகிறேன். முதல் பத்து நிமிஷம் பரவாயில்லை, அப்புறம் சந்தைக்கடை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். யாராவது வழி சொல்லுங்கள்.

கிரேயான்டப்பா | வெள்ளி, மாலை 5.40
எத்தனையாவது வகுப்பு? எத்தனை பிள்ளைகள்? தனி அறை உண்டா, இல்லை அவர்கள் வகுப்புக்கு நீங்கள் போகிறீர்களா? எந்தப் பீரியட்? 'எல்லாம்' என்றால் என்னென்ன?

பிடிமாஸ்டர்77 | வெள்ளி, மாலை 5.43
விசில்.

தனியாவர்த்தனம் | வெள்ளி, மாலை 6.20
விசில் எல்லாம் மைதானத்துக்கு. பாட்டு வகுப்பில் சத்தத்தைச் சத்தத்தால் அடக்கக் கூடாது, தாளத்தால் அடக்க வேண்டும். நீங்கள் 'தகதிமி' என்று சொல்லுங்கள், பிள்ளைகள் 'தகஜுணு' என்று முடிக்க வேண்டும். சொல்லி முடித்தால் வாய் மூட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். ஒவ்வொரு தடவையும் குரலைக் குறைத்துக்கொண்டே போங்கள். மூன்றாவது தடவை நீங்கள் கிசுகிசுத்தால் அவர்களும் கிசுகிசுப்பார்கள். பழகிப் போச்சு என்றால் 'தகிட'வுக்கு மாற்றுங்கள், அப்புறம் 'தகதகிட'. மூன்று, நான்கு, ஐந்து எண்ணிக்கை தானாக மனசில் ஏறும். நான் மிருதங்கக்காரன், அதனால் எனக்கு எல்லாமே தாளமாகத்தான் தெரியும் என்று என் மனைவி சொல்வாள். அதுவும் உண்மைதான்.

பூஷணம்_ஓய்வு | வெள்ளி, இரவு 7.05
இதே கேள்வி இங்கே மாதம் ஒரு முறை வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இன்றைய தலைமுறைக்கு இல்லை. அம்மணி, முதலில் ஒன்று: நீங்கள் சங்கீதத்தில் ஹையர் கிரேடு பரீட்சை முடித்து டிடிசி ஆசிரியர் பயிற்சி செய்தவரா, இல்லை நன்றாகப் பாடுவீர்கள் என்று பள்ளியில் சேர்த்துக்கொண்டார்களா? பாடத் தெரிவது வேறு, வகுப்பெடுக்கத் தெரிவது வேறு. 31 வருஷத்தில் ஒரு நாளும் நான் குரலை உயர்த்தியது கிடையாது. நான் நுழைந்தாலே அமைதிதான்.

கிரேயான்டப்பா | வெள்ளி, இரவு 7.11
ஐயா, அந்தக் காலத்தில் கையில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாட்டுமிஸ் | வெள்ளி, இரவு 9.30
மன்னிக்கவும், சமையல் வேலை. மூன்றாம் வகுப்பு, 41 பேர். அவர்கள் வகுப்புக்குத்தான் போகிறேன். தடுப்புக்கு அந்தப்பக்கம் ஐந்தாம் வகுப்பு. கைதட்டினேன், கையைக் கட்டு வாயைப் பொத்து சொன்னேன், மேஜையைத் தட்டினேன், நன்றாகப் பாடினால் ஸ்டார் ஒட்டினேன். ஸ்டார் தீர்ந்துவிட்டது. ஐயா, லோயர் முடித்திருக்கிறேன், ஹையர் எழுதப் போகிறேன்.

ஊர்க்குருவி | வெள்ளி, இரவு 9.52
முன்வரிசையில் வாலு ஒன்று இருக்குமே, அதுக்கு ரெண்டு போட்டால் மற்றதெல்லாம் தானாக அடங்கும்.

கிரேயான்டப்பா | வெள்ளி, இரவு 9.58
2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு. அடிக்கவும் கூடாது, மனம் நோகடிக்கவும் கூடாது. போட்டால் மாட்டப்போவது பாட்டுமிஸ், நீங்கள் இல்லை.

எந்தப் பீரியட் என்று கேட்டேன், அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். இருக்கட்டும், என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் அரசுப் பள்ளியில் ஓவியம், பகுதிநேரம். 2012இல் 5000 ரூபாய்ச் சம்பளத்தில், வாரம் மூன்று அரை நாளுக்குச் சேர்ந்தவன். முதல் வருஷம் எனக்கும் இதே கதிதான். உள்ளே போனதும் முதல் வேலையாக பேப்பரையும் கலரையும் கொடுத்துவிடுவேன். அப்புறம் நான் என்ன பேசினாலும் யார் காதிலும் ஏறாது. கையில் கலர் இருக்கும்போது வாத்தியார் எதற்கு? இப்போது மாற்றிவிட்டேன். முதலில் பேச்சு, அப்புறம் பேப்பர், கடைசியில்தான் கலர். கலரையும் நான் கொடுப்பதில்லை, வரிசைக்கு ஒரு தலைவர். அந்தப் பதவி வாரா வாரம் மாறும். அதற்கு ஆசைப்பட்டே வாலுகள் ஒழுங்காக உட்காரும். தண்ணீர் நாலு பேருக்கு ஒரு டம்ளர், அதுவும் பாதிதான். முழு டம்ளர் வைத்த அன்று ஒரு பையன் அடுத்தவன் கணக்கு நோட்டுக்கே நீலம் பூசிவிட்டான்.

இன்னொன்று, சீக்கிரம் முடிப்பவர்கள். எந்த வகுப்பிலும் ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு பையன் ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஓரத்தில் தென்னை மரம் போட்டுவிட்டு 'முடிச்சிட்டேன் சார்' என்று எழுந்து வருவான். சத்தம் அவனிடமிருந்துதான் தொடங்கும். அவனை 'அந்த ஆத்துல யார் குளிக்கிறா? வரைஞ்சு காட்டு' என்று திருப்பி அனுப்புவேன். உங்கள் வகுப்பிலும் ரெண்டு தடவை பாடிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவன் எவனாவது இருப்பான். அவனுக்குத் தாளம் போடும் வேலை கொடுங்கள்.

தம்புராபாட்டி | சனி, காலை 6.15
குழந்தே, எத்தனை கட்டை சுருதியில் பாடுகிறாய்?

பாட்டுமிஸ் | சனி, காலை 8.02
5 கட்டை, பாட்டி. என் குரலுக்கு அதுதான் சௌகரியம்.

தம்புராபாட்டி | சனி, காலை 8.40
உனக்குச் சௌகரியம். எட்டு வயசுக் குழந்தைக்கு? 5 கட்டையில் ஆதார ஷட்ஜம், அதாவது கீழ் ஸா, பாடச் சொன்னால் பாதிக் குழந்தைகளுக்கு அது தொண்டைக்கு அடியில் போய்விடும். உறுமும், இல்லாவிட்டால் பேசுகிற குரலில் சொல்லும். தன் குரல் சேரவில்லை என்று அதற்கே தெரியும். அப்புறம் ஏன் பாட வேண்டும், பக்கத்துக் குழந்தையைக் கிள்ளலாமே. ஒரு நாள் ஸரிகம வேண்டாம். பதநிஸ மட்டும் பாடிப் பார். சேர்ந்து ஒலித்தால் வியாதி அதுதான்.

பூஷணம்_ஓய்வு | சனி, காலை 9.10
அடிப்படை இல்லாமல் மேல் பாதியில் தொடங்குவது எந்த சம்பிரதாயம்? புரந்தரதாசர் வகுத்துக் கொடுத்த முறை ஒன்று இருக்கிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் ஸரிகமவிலும் பதநிஸவிலும் இடைவெளி ஒரே மாதிரி. அதனால்தான் அதை முதலில் வைத்தார்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

தனியாவர்த்தனம் | சனி, காலை 9.31
இடைவெளி ஒரே மாதிரி என்று நீங்களே சொல்கிறீர்களே ஐயா, அப்புறம் பதநிஸவில் தொடங்கினால் என்ன குறை? இன்னொன்றும் கேட்கிறேன். அந்த ராகத்தில் ரிக்கும் காவுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய தாண்டல். மூன்றாம் வகுப்புக்கு சங்கராபரணம் சுலபம். முத்துசுவாமி தீட்சிதரே மேல்நாட்டு மெட்டிலான நோட்டு ஸ்வரங்களை சங்கராபரணத்தில்தானே போட்டார்.

பாலையாழ் | சனி, காலை 10.04
ரெண்டு பேருமே பாதியில் நிற்கிறீர்கள். பழந்தமிழர் இசையில் முதற்பாலை, அதாவது முதல் ஸ்வர வரிசை, செம்பாலை; இன்றைய அரிகாம்போதி ராகம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில்தான் தொடங்க வேண்டும்.

பூஷணம்_ஓய்வு | சனி, காலை 10.20
வந்துவிட்டார்.

பாலையாழ் | சனி, காலை 10.22
வருவேன்.

(இதற்கு நடுவே இன்னும் 19 பதில்கள். எல்லாம் ராகம் பற்றி.)

பிடிமாஸ்டர்77 | சனி, மதியம் 1.15
அந்தப் பொண்ணு கேட்டது பிள்ளைங்க சத்தம். இங்கே உங்க சத்தத்துக்கு யார் விசில் ஊதறது?

கிரேயான்டப்பா | சனி, மதியம் 1.30
மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். பாட்டுமிஸ், எந்தப் பீரியட்?

பாட்டுமிஸ் | ஞாயிறு, இரவு 8.47
வெள்ளி எட்டாவது பீரியட். 3 மணிக்கு ஆரம்பம். 3.10க்கு முதல் டிரிப் வேன், ஆயாம்மா வாசலில் நின்று பேர் கூப்பிடுவார்கள், 14 பேர் போவார்கள். மீதிப் பேர் 3.40 வரை. எல்லாப் பள்ளியிலும் இப்படித்தானே என்று எழுதவில்லை.

கிரேயான்டப்பா | ஞாயிறு, இரவு 8.55
அம்மா தாயே! 'முதல் பத்து நிமிஷம் பரவாயில்லை' என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது நிமிஷம் வேன்!

தனியாவர்த்தனம் | ஞாயிறு, இரவு 9.03
அப்போது 3 மணிக்கே பை தோளில் ஏறியிருக்குமே?

பாட்டுமிஸ் | ஞாயிறு, இரவு 9.06
ஆமாம். பையோடுதான் பாடுவார்கள். வாட்டர் பாட்டில் கழுத்தில்.

கிரேயான்டப்பா | ஞாயிறு, இரவு 9.25
பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பேர் வருமா வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற குழந்தையிடம் ஸரிகம கேட்டால் என்ன வரும்? இப்படிச் செய்யுங்கள். வகுப்பு தொடங்கும்போதே அந்த 14 பேரையும் வாசல் பக்க வரிசைக்கு மாற்றுங்கள். பைகள் வராண்டா சுவர் ஓரமாக, வரிசையாக. ஆயாம்மாவிடம் சொல்லி வைத்து பேர்ச்சீட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், கூப்பிடுவது உங்கள் வேலை. புதுப் பாடம் அன்றைக்கு வேண்டவே வேண்டாம், 3.10 வரை தெரிந்ததையே பாடட்டும். போனபிறகு 27 பேரை முன்னால் வட்டமாக உட்கார வைத்து மிருதங்கக்காரர் சொன்ன தகதிமி.

தம்புராபாட்டி | திங்கள், காலை 6.10
பேரைக் கத்திக் கூப்பிடாதே, பாடிக் கூப்பிடு. ஸா நீ தா பா என்று இறங்கி வந்து அதில் பேரைச் சொல்லு. மற்ற குழந்தைகள் திருப்பிப் பாடட்டும். 14 பேரும் போவதற்குள் 14 தடவை அவரோகணம் ஆகிவிடும். மேலே இருந்து இறங்குவதால் தொண்டைக்கும் நல்லது.

பூஷணம்_ஓய்வு | திங்கள், காலை 9.00
கால அட்டவணையைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்கலாம். இருந்தாலும் மாயாமாளவகௌளையை விடாதீர்கள்.

பாட்டுமிஸ் | அடுத்த வெள்ளி, மாலை 6.20
அவசரமாக எழுதுகிறேன். பேரைப் பாடிக் கூப்பிட்டேன். ஒரு பெண் தன் பேர் வந்தும் போகவில்லை, இன்னொரு தடவை பாடச் சொன்னாள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். அப்புறம் 27 பேர், வட்டம், தகதிமி. கிசுகிசுப்பு வரை வந்தது. ஹெச்எம் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஆனால் அடுத்த ரெண்டு வாரம் பரீட்சை ரிவிஷனாம், பீரியட் கணக்கு மிஸ்ஸுக்குப் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி.

தம்புராபாட்டி | சனி, காலை 6.05
பதநிஸ சேர்ந்ததா, உறுமியதா? அதைச் சொல்லவில்லையே.

பாலையாழ் | சனி, காலை 11.40
அரிகாம்போதி பற்றி நான் கேட்டதற்குப் பூஷணம் ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை.