புதுப்பிப்பு: புல் பாரைக் கழற்றிவிட்டேன்

சுங்கை சிப்புட் தோட்டப் பாதையில் இரவில் காட்டுப்பன்றி குறுக்கே ஓடுகிறது, என் ஹைலக்ஸ் பிக்கப்பில் முன்பக்கம் மாட்டியிருக்கும் இரும்புக் குழாய்த் தடுப்பு, அதாவது புல் பார், இருக்கட்டுமா வேண்டாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்று கழற்றிவிட்டேன்.

பன்றி மோதினால் ரேடியேட்டர் தப்பும், அது உண்மைதான். ஆனால் ஆள்மீது மோதினால் பானெட் நசுங்கி அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்; இரும்புக் குழாய் நசுங்காது, மோதப்பட்டவர் உடம்பில் ஒரே இடத்தில் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே இதற்குச் சோதனை விதி கொண்டுவந்தது.

அதைவிட, லயத்து வாசலில் என் ஆறு வயது மகள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். மேல் குழாய் சரியாக அவள் நெற்றிக்கு நேரே இருந்தது. தமிழ்ப்பள்ளி விட்டால் அந்தப் பாதை முழுக்கப் பிள்ளைகள்தான்.

சரி, பன்றிக்கு? இருட்டினால் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.