எல்ஃப்பா, மனிதரா? சேர்வராயன் மலையைக் களமாகக் கொண்ட ஆட்டத்திற்கு ஒரு கேள்வி

அம்மாபேட்டைப் பகடை:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு இது. விதிகள் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பினுடையவை. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் பொறுப்பு என்னுடையது. அடுத்த கதைக்கு நமக்குத் தெரிந்த நிலமே களமாக இருக்கட்டும் என்று, சேர்வராயன் மலையைப் போன்ற ஒரு மலையையும் அதன் அடிவாரத்தில் தறிச் சத்தம் ஓயாத ஒரு நகரத்தையும் வரைந்து வைத்திருக்கிறேன். மலையில் எல்ஃப்கள் என்ற காது நீண்ட மாய இனத்தவர், நகரத்தில் மனிதர்கள் என்பது திட்டம்.

ஆனால் ஆடுபவர்கள் நால்வரும் எல்ஃப்பாகத்தான் வருவேன் என்கிறார்கள். இருட்டிலும் 60 அடி வரை பார்வை, மந்திரத்தால் தூங்க வைக்க முடியாத உடல், 8 மணி நேர உறக்கத்திற்குப் பதிலாக 4 மணி நேரத் தியானம் என்று எல்ஃப்பிற்கு அடுக்கிக்கொண்டே போகும் புத்தகம், மனிதருக்கு ஆறு திறன்களிலும் ஒவ்வொரு புள்ளியையும் கூடுதலாக ஒரு மொழியையும் கொடுத்து முடித்துக்கொள்கிறது. மனிதரைத் தேர்ந்தெடுக்க விதிகளில் உண்மையான காரணம் ஏதும் உண்டா? இல்லையென்றால் நான் எதை மாற்றுவது?

பழைய பதிப்பு வாசகர்:

வணக்கம். அதே புத்தகத்தில் மனிதருக்கு ஒரு மாற்று வடிவமும் இருக்கிறது. அதை அனுமதிப்பது தங்கள் முடிவு. இரண்டு திறன்களில் ஒவ்வொரு புள்ளி, விருப்பமான ஒரு தேர்ச்சி, இவற்றோடு ஒரு ஃபீட், அதாவது சிறப்புத் திறமை, கிடைக்கும். மற்றவர்கள் ஃபீட்டுக்கு 4-ஆம் லெவல், அதாவது பாத்திரத்தின் நான்காம் வளர்ச்சிப் படி, வரை காத்திருக்க வேண்டும். முதல் நாளே ஷார்ப்ஷூட்டர் ஃபீட்டோடு வரும் மனித வில்லாளி, மரத்தின் பின்னால் பாதி மறைந்து நிற்பவரையும் மறைவே இல்லாதது போல் எய்துவிடுவார். எல்ஃப்பின் சொந்தத் தொழிலிலேயே மனிதர் முந்திக்கொள்ளும் இடம் அது.

தங்கள் சிக்கல் இந்த விளையாட்டின் வயதுடையது. 1974-ஆம் ஆண்டின் முதல் பதிப்பில் எல்ஃப் வாளும் ஏந்தலாம், மந்திரமும் சொல்லலாம். ஆனால் போர்வீரராக 4-ஆம் லெவலுக்கு மேலும், மந்திரவாதியாக 8-ஆம் லெவலுக்கு மேலும் போக முடியாது. மனிதருக்கு அந்த வரம்பு இல்லை. 1981-ஆம் ஆண்டின் எளிய பதிப்பில் எல்ஃப் என்பதே ஒரு தொழிலாக இருந்தது. இரண்டாம் லெவலை எட்டப் போர்வீரருக்கு 2,000 அனுபவப் புள்ளிகள் போதும், எல்ஃப்பிற்கு 4,000 வேண்டும். 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு வரம்புகளை எடுத்துவிட்டு, மனிதருக்கு ஒரு ஃபீட்டையும் கூடுதல் தேர்ச்சிப் புள்ளிகளையும் கொடுத்தது. அது சரியான திருத்தம் என்பது என் உறுதியான கருத்து. இன்று அனுபவிக்கும் நன்மைக்கு என்றோ ஒரு நாள் தண்டனை என்பது மேசையில் வேலை செய்யாது, ஏனென்றால் பெரும்பாலான கதைகள் அந்த நாள் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

ஏற்காட்டு மழை:

தங்கள் பட்டியலில் ஆயுள் விடுபட்டிருக்கிறது. அதே 2014 விதிகளின்படி எல்ஃப் 750 ஆண்டுகள் வரை வாழலாம். ஏறத்தாழ 100 வயதில்தான் தன்னைப் பெரியவராக அறிவித்துக்கொண்டு புதுப் பெயர் சூட்டிக்கொள்வார். மனிதர் அந்த வயதைத் தொடுவதே அரிது.

இதை நம் மலையில் வைத்துப் பாருங்கள். 300 வயதான எல்ஃப் ஒருவர் இன்று இங்கே இருந்தால், 1792-இல் திப்பு சுல்தான் இந்தச் சீமையைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தபோது அவர் இன்னும் பெரியவராகாத பிள்ளை. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்தபோதுதான் அவர் புதுப் பெயர் சூட்டிக்கொண்டிருப்பார். நமக்கு மலை என்றாலே காபித் தோட்டமும் சில்வர் ஓக் மரமும்தான். அவருக்கோ அவை இரண்டுமே நேற்று வந்தவை. மனிதர் ஒருவரின் கொள்ளுப் பாட்டனுக்குப் பாட்டன் வாங்கிய கடனை, கொடுத்த அவரே நேரில் வந்து பேரப்பிள்ளையிடம் கேட்கலாம். அந்தப் பிள்ளையோ அப்படி ஒரு பாட்டன் இருந்ததையே அறியாமல் விழிப்பார். இந்த ஒரு காட்சியில் இரண்டு இனங்களும் வேறுபடும் அளவுக்கு எந்தத் திறன் புள்ளியிலும் அவை வேறுபடுவதில்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மலை எல்ஃப்பிற்கு, நகரம் மனிதருக்கு என்ற பிரிவினை எனக்கு உறுத்துகிறது. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்ததாகவும், அண்ணன் தம்பி மூவரின் வழியினர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறியதாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். புறப்பட்டு வந்து, புதிய மண்ணுக்கு ஏற்ப வாழப் பழகி, சில தலைமுறைகளில் அதைத் தங்கள் மண்ணாக ஆக்கிக்கொள்வதுதானே இந்த விளையாட்டு மனிதருக்குக் கொடுத்திருக்கும் இயல்பு? மலையில் வாழ்கிறார்கள் என்பதற்காக அவர்களின் சாயலைக் காது நீண்ட மாய இனம் ஒன்றின் மேல் ஏற்றிவிடாதீர்கள். உச்சியில் சேர்வராயரும் காவேரியம்மனும் இருக்கும் குகைக் கோயிலையும் அரக்கர் பதுங்கும் குகையாக்க வேண்டாம். மலையில் மனிதக் குடிகளையும் வையுங்கள், எல்ஃப் அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருக்கட்டும்.

அம்மாபேட்டைப் பகடை:

மிக்க நன்றி. அந்தப் பிரிவினையை யோசிக்காமல் செய்துவிட்டேன். வரைபடத்தை இன்றே திருத்துகிறேன். ஆயுளைப் பற்றிச் சொன்னது மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஆனால் 25 வயதுடைய நண்பர் ஒருவர் 300 வருட நினைவை மேசையில் எப்படி ஆடிக் காட்டுவார்?

இரும்பாலைச் சாலை:

அதில் ஒரு பழைய புதிரும் இருக்கிறது. மூன்றாம் பதிப்பில் எல்ஃப் மந்திரவாதியின் தொடக்க வயது 110-உடன் பத்து 6 பக்கப் பகடைகளின் கூட்டுத்தொகை, அதாவது சராசரியாக 145. மனித மந்திரவாதிக்கு 15-உடன் இரண்டு பகடைகள், சராசரியாக 22. இருவரும் முதல் லெவலில்தான் தொடங்குவார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த எல்ஃப் என்ன கற்றார் என்பதற்கு விதிகளில் விடையில்லை. அதை நாம்தான் நிரப்ப வேண்டும்.

எங்கள் குழுவில் எல்ஃப்பாக வருபவர் தான் கண்ணால் கண்ட மூன்று பழைய நிகழ்ச்சிகளை எழுதித் தருவார். அவற்றைப் பற்றிய கேள்வி எழும்போது பகடை உருட்டாமலே விடை சொல்லலாம். மனிதராக வருபவர் அந்த ஊரில் உயிரோடு இருக்கும் மூன்று உறவினரின் பெயரை எழுதுவார். அவர்கள் வீட்டில் இவருக்கு எப்போதும் சோறும் திண்ணையும் உண்டு. எல்ஃப்பிற்குக் கடந்த காலம், மனிதருக்குச் சுற்றம். சில வாரங்களிலேயே எங்கள் எல்ஃப் ஆட்டக்காரர்கள் மனிதர்களின் அத்தை வீட்டைத் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள்.

இருட்டுப் பார்வையையும் விதிப்படியே நடத்துங்கள். முழு இருட்டு அவர்களுக்கு மங்கலான வெளிச்சமாகத் தெரியுமே தவிர நிறம் தெரியாது. கண்ணால் தேடும் முயற்சிகளில் இரண்டு பகடைகளை உருட்டிக் குறைந்த எண்ணையே எடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அம்மாபேட்டைப் பகடை:

நேற்றிரவு குழுவில் இதைப் படித்துக் காட்டினேன். இருவர் மனிதராக வர ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் அடிவார நகரத்து நெசவாளியின் மகள், மற்றவர் மலைக்குடியில் பிறந்த வழிகாட்டி. எல்ஃப்பாகவே நிற்கும் இருவரில் ஒருவர், வழிகாட்டியின் பாட்டியைக் குழந்தையாக இருந்தபோது தூக்கி வளர்த்ததைத் தன் மூன்று நினைவுகளில் முதலாவதாக எழுதியிருக்கிறார்.