வேலிக்குள் அமர்ந்திருக்கும் யூனிகார்ன்: கிறிஸ்துவா, மாப்பிள்ளையா?

கல்தச்சன்:
நியூயார்க் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஏழு யூனிகார்ன் (கதைகளில் வரும் ஒற்றைக் கொம்புக் குதிரை) திரைச்சீலைகள் இருக்கின்றன. 1495–1505 வாக்கில் கம்பளி, பட்டு, வெள்ளிச் சரிகை கொண்டு நெய்தவை. வேலிக்குள் யூனிகார்ன் அமர்ந்திருக்கும் திரையைக் காதல் சின்னம் என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. யூனிகார்னை வேட்டையாடும் மற்றத் திரைகளைப் பாருங்கள். ஈட்டியால் குத்திக் கொன்று குதிரைமேல் போட்டுக் கொண்டுவருகிறார்கள், கொம்பில் முள்ளோடு ஓக் கிளைகள் சுற்றியிருக்கின்றன. அது கிறிஸ்துவின் முள்முடி. செத்தது இங்கே உயிரோடு இருக்கிறது என்றால் உயிர்த்தெழுதல்தானே? கன்னியின் மடியில் யூனிகார்ன் தலைசாய்ப்பதை, மரியாளிடம் கிறிஸ்து மனிதனாகப் பிறந்ததற்கு உவமையாகச் சொல்வதும் மிகப் பழைய கிறிஸ்தவ வழக்கம்.

மாதுளம்பூ:
அண்ணா, அந்தத் திரை வேட்டைத் தொடரைச் சேர்ந்ததுதானா என்பதே சந்தேகம். தனியாக நெய்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் 'செத்தது எழுந்தது' என்ற கதையே நிற்காது. திரையை மட்டும் பாருங்கள். வேலி தாழ்வு, ஒரே தாவில் தாண்டிவிடலாம். கழுத்துப்பட்டையின் சங்கிலியும் இறுக்கமாக இல்லை. போக முடிந்தும் போகாமல் இருக்கிறது. உடம்பில் சிவப்புத் துளிகள் இருக்கின்றன, காயம் எங்கும் இல்லை. மேலே மாதுளம்பழம் வெடித்துச் சாறு சொட்டுகிறது! மாதுளை பிள்ளைப்பேறுக்கும் கல்யாணத்துக்கும் அடையாளம். 13ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் ஷாம்பேன் பகுதிப் பிரபு திபோ, காதலில் சிக்கிய தன்னை யூனிகார்ன் என்று பாடிவிட்டார்.

கல்தச்சன்:
துளிகளை நான் ரத்தம் என்றே நினைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன், சரி, சாறுதான். ஆனால் மாதுளை கிறிஸ்தவ ஓவியத்தில் உயிர்த்தெழுதலுக்கும் அடையாளம். இத்தாலிய ஓவியர் போட்டிச்செல்லியின் 'மாதுளையோடு மடோனா' (மரியாள்) ஓவியத்தில் குழந்தை இயேசுவின் கை அந்தப் பழத்தின்மேல்தான் இருக்கிறது.

தறிவீடு:
நாங்கள் நெசவுக் குடும்பம். நெய்யச் சொன்னவர் யார் என்றுதான் என் கண் முதலில் தேடும். திரைகளில் 'A' என்ற எழுத்தும், திருப்பி எழுதிய 'E'யும் ஒரே கயிற்றால் முடிச்சிட்டுத் திரும்பத் திரும்ப வருகின்றன. யாருடைய எழுத்துகள் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. இத்தனை இடத்தில் இரண்டு எழுத்தைச் சேர்த்து முடிச்சுப் போடச் சொன்னவர் வெறும் பக்திக்காகச் சரிகைக்குச் செலவழித்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கல்தச்சன்:
கயிற்று முடிச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. வேலிக்குள் இருப்பவரை மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முள்கிளையை விட்டுத்தர மாட்டேன். கல்யாணச் சீருக்கு நெய்த துணியில் அதற்கு என்ன வேலை, மாதுளம்பூ?