ஸ்டவுட் பீரில் நம்ம ஊர்ச் சரக்கு எதைப் போடலாம்?

காட்பாடிக்காரன்:
வேலை இங்கிலாந்தில், லீட்ஸில். லீவுக்குக் காட்பாடி வந்திருக்கிறேன், அடுத்த வாரம் கிளம்பணும். அங்கே நாங்கள் எட்டுப் பேர், குளிர்காலத்தில் ஆளுக்கொரு ஸ்டவுட், அதாவது கறுப்பு பீர், வீட்டிலேயே காய்ச்சி பாட்டில் மாற்றிக்கொள்வோம். இந்தத் தடவை அவரவர் சொந்த ஊர்ச் சரக்கு ஒன்று உள்ளே இருக்கணும் என்று பேச்சு. போன வருஷம் நான் நொதிப்பு அடங்குவதற்குள் அவசரப்பட்டு அடைத்து, நடுராத்திரி மூணு பாட்டில் வெடித்து, வாடகை வீட்டுக் கம்பளம் கறுப்பாகிப் போனது. அந்த மானத்தை மீட்கணும்.

ஆற்காடு மக்கன் பேடா, வேலூர் லாங்கு பஜார் வெல்லம், வறுத்த புளியங்கொட்டை, இதில் எது சரிவரும்? 20 லிட்டர் போடப் போகிறேன்.

குடியாத்தம் தறி:
பேடாவை மறந்துடு தம்பி. நெய்யும் கோவாவும் பட்டால் நுரை நிற்காது. ஸ்டவுட்டுக்கு நுரைதானே அழகு? பால் பண்டத்தை பிரிட்டனுக்குள் விடவும் மாட்டார்கள். புளியங்கொட்டை வாசம் காப்பி மாதிரி இருக்கும், ஆனால் அரைத்துப் போட்டால் தொலைந்தாய். நெசவில் பாவுக்குக் கஞ்சி போடுகிற மாவு அது. மொத்தமும் பசையாகிவிடும்.

அப்புறம், சாம்பிள் பார்க்கிறேன் என்று காட்பாடியிலேயே காய்ச்சிவிடாதே. 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஆம்பூர் அக்கா:
கேவுருவை, அதான் கேழ்வரகை, ஏன் யாருமே சொல்லலை? ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் மொட்டைமாடியில் காயப்போடு. வேரைத் தேய்த்துப் புடைத்து, கருகாமல் வறுத்து, ரவைப் பதத்தில் உடைத்துக்கொள். முக்கால் கிலோ போதும். அதை அப்படியே மால்ட்டோடு (முளைகட்டிக் காயவைத்த பார்லி) போட்டால் சரியாக வேகாது, பார்லியைவிட அதற்குச் சூடு அதிகம் வேணும். முதலில் கூழாகக் காய்ச்சி, 67 டிகிரிக்கு ஆறவிட்டு, பிறகு பார்லி மால்ட்டில் கல. வறுத்த கேவுருவால் தன் மாவைத் தானே சர்க்கரையாக்க முடியாது, அது பார்லியின் வேலை.

வெல்லம் அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். கரைத்து, மண் போக வடிகட்டி, கொதியின் கடைசியில் சேர். இனிக்கும் என்று நினைக்காதே, ஈஸ்ட் ஏறக்குறைய எல்லாவற்றையும் தின்றுவிடும். நிறையப் போட்டால் பீர் தண்ணியாகத்தான் இருக்கும்.

பாட்டில் விஷயம்: பீரின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் மூணு நாள் ஒரே எண் காட்டணும், அப்போதுதான் நொதிப்பு முடிந்தது என்று அர்த்தம். அதுக்கப்புறம்தான் 120 கிராம் சர்க்கரை கலந்து அடைக்கணும்.

காட்பாடிக்காரன்:
கேவுருதான். ஒரு சிக்கல். வறுத்த கேவுருவை அம்மாவிடம் கஞ்சி மாவுக்கு என்று சொல்லிவைத்திருந்தேன். நான் கடைக்குப் போன நேரத்தில் மிஷினில் கொடுத்து நைசாக அரைத்து வாங்கி வந்துவிட்டார், ஏலக்காயும் போட்டு!

ஆம்பூர் அக்கா:
நைஸ் மாவு வடிதட்டை அடைத்துக்கொள்ளும், களி கிண்டின சட்டி மாதிரி. கழுவின நெல் உமி நாலு கைப்பிடி கலந்துக்கோ. ஏலக்காய் இருக்கட்டும்.